மாடியறைப் படம்

"உயிரோட இருக்கிறவங்களைப் படமா வரைஞ்சா ஆயுசு குறையும்னு எங்கம்மா சொல்லும். எனக்கு இன்னாவோ மனசே சரியில்ல. இத்தோட நிறுத்திடு தேவகி."

தோசையைப் பிய்த்தபடியே சொன்னார் வெங்கடேசன். தேவகி அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் சட்னி ஊற்றினாள்.

"பாதி முடிஞ்சிடுச்சுங்க. நடுவுல எப்படி விடறது?"

மாடியில் ரூத் அம்மா காத்திருப்பார். ஆஸ்திரேலியாவில் பேர் பெற்ற ஓவியர் அவர். அறுபத்தெட்டு வயது. பட்டின் நிறங்களைப் பார்க்கவென்றே காஞ்சிபுரம் வந்து, இவர்கள் வீட்டு மாடியறையில் வாடகைக்கு இருந்தார். வந்த சில நாட்களிலேயே, மெல்பர்னில் நடக்கப்போகும் ஓர் ஓவியப் போட்டியைப் பற்றித் தேவகியிடம் சொன்னார். அனுப்ப வேண்டியது ஒரு பெண்ணின் உருவப்படம்.

அன்றிலிருந்து, வெங்கடேசன் பட்டுக்கடையைத் திறக்கப் போனதும் தேவகி மாடியேறிவிடுவாள். கதவு சாத்திக்கொள்ளும். போட்டி முடிவு வரும்வரை படத்தை வேறு யாரும் பார்க்கக் கூடாது என்று ஏற்பாடு.

பக்கத்து வீட்டு எல்லம்மாள் அவளைப் படிக்கட்டிலேயே பிடித்துக்கொண்டாள்.

"இன்னா தேவகி, பட்டுக்கடைக்காரர் பொண்டாட்டி, படத்துக்கு இந்தச் சாயம் போன நூல் சேலையா? வெள்ளைக்காரங்க ஊர்ல நம்ம மானம் போவப்போவுது."

"இந்த வேலைக்கு இதுதான்க்கா வசதி" என்று நழுவினாள் தேவகி.

எல்லம்மாள் அதோடு விடவில்லை. நேராகக் கடைக்கே போய் வெங்கடேசனிடம் சொல்லிவிட்டாள். மத்தியானம் சாப்பிட வந்தவர் கையில் ஒரு அட்டைப்பெட்டி. உள்ளே அரக்கு நிறப் பட்டு. கரையில் தாழம்பூ மடல் மாதிரி முனை கூர்ந்த ஜரிகை ரேக்கு. கடையிலேயே ஒசத்தியான சேலை.

"படத்துல இந்தச் சேலை இருக்கட்டும். மெல்பர்ன்ல நாலு பேர் நம்ம சரக்கைப் பாக்கணும்."

"ஆயுசு குறையுமே?"

"அதெல்லாம் அந்தக் காலத்துப் பேச்சும்மா" என்றார். கை கழுவப் போனவர் திரும்பி வந்து ஒன்றைச் சேர்த்துக்கொண்டார். "நீ கல்யாணத்துக்கு முன்னாடி பார்டருக்கு கிராஃப் தாள்ல டிசைன் போட்டவதானே. ரேக்கு சரியா விழுதான்னு கிட்ட இருந்து பாத்துக்கோ. அவங்களுக்கு இன்னா தெரியும்."

"பாத்துக்கறேங்க."

எதிரெதிரே அசையாமல் இருக்கும் நேரத்தில் பேச்சுதான் துணை. தெரிந்த இங்கிலீஷும் தெரியாத தமிழுமாக ரூத் தன் கதையைச் சொல்வார். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, சமையல் மேசையைத் துடைத்து அதன் மேலேயே வரைந்த காலம். முதல் படங்களில் வெறும் முதலெழுத்தை மட்டும் போட்டாராம், வரைந்தது ஆண் என்று நினைக்கட்டுமென்று. பரிசு கிடைத்தபோது மேடையில் ஒருவர் அவர் கணவருக்குக் கைகொடுத்து வாழ்த்தினாராம்.

அதைச் சொன்ன அன்று ரூத் படத்தின் கீழ் மூலையைத் தொட்டுக் காட்டினார்.

"இந்தப் படத்தில் முதலெழுத்து வேண்டாம்" என்றார். "முழுப் பேர் இருக்க வேண்டும்."

தேவகி தலையாட்டினாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் தனக்கென்று எதையும் விரும்பிக் கேட்டதில்லை. இந்தப் படம் மட்டும் முடிய வேண்டும். மெல்பர்ன் சுவரில் ஏற வேண்டும். அதற்குள் யாரும் தடுத்துவிடக் கூடாது.

சாயங்காலம் ரூத் கழுத்தைப் பிடித்துக்கொண்டும் தேவகி தோளைப் பிடித்துக்கொண்டும் இறங்கி வருவார்கள். வெங்கடேசன் தைலத்தை எடுத்து நீட்டுவார்.

"வரையறவங்களுக்கு வலிக்கும், சரி. சும்மா உக்காந்துக்கினு இருக்கிறவங்களுக்கு இன்னா வலி?"

"சும்மா உக்காந்திருக்கிறதும் வேலைதாங்க" என்பாள் தேவகி.

படம் முடிந்தது. சுருட்டி எடுத்துக்கொண்டு ரூத் விமானம் ஏறினார். அதன்பின் கடைக்கு வந்த ஒவ்வொருவரிடமும் வெங்கடேசன் அதையேதான் சொன்னார். நம்ம பட்டு, நம்ம வீட்டம்மா, மெல்பர்ன்.

முடிவு தெரியும் நாளில் தெருவே கடைக்குள் வந்துவிட்டது. எல்லம்மாள் ரோஜா மாலையோடு வந்திருந்தாள். படத்துக்கு மாலை என்றதும் வெங்கடேசன் பதறிப்போய், உயிரோடு இருப்பவள் படத்துக்கு மாலை போடக் கூடாதென்று அதை வாங்கி மேசைக்கு அடியில் ஒளித்துவைத்தார்.

போன் அடித்தது. திரையில் ரூத்தின் முகம். கண்ணெல்லாம் ஈரம்.

"தேவகி, முதல் பரிசு."

கடை அதிர்ந்தது. வெங்கடேசன் மைசூர்பாகு பெட்டியைப் பிரித்து, கைக்கு எட்டிய வாயிலெல்லாம் ஊட்டினார். ரூத் போனைத் திருப்பிச் சுவரில் மாட்டியிருந்த படத்தைக் காட்டினார்.

பட்டு ஊர்க்காரர்கள். முதலில் பார்டரைப் பார்த்தார்கள். ரேக்கு ஒவ்வொன்றும் தறியில் விழுந்த மாதிரியே இருந்தது. பிறகு முந்தானையைப் பார்த்தார்கள். ஜரிகையின் மினுக்கைக் கண்டு எல்லம்மாள் சப்புக்கொட்டினாள். கடைசியாக முகத்துக்கு வந்தார்கள்.

அரக்குப் பட்டைக் கட்டிக்கொண்டு, கழுத்தை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தது ரூத்.

"இவங்க ஏம்மா உன் சேலையில?" என்றார் வெங்கடேசன்.

"போட்டிக்கு யார் வேணும்னாலும் வரையலாங்க. ஆனா ஆஸ்திரேலியாவுல இருக்கிற ஒரு பெண் ஓவியரைத்தான் வரையணும்" என்றாள் தேவகி. "நீங்க கேக்கவே இல்ல."

ரூத்தின் விரல் திரைக்குள் நீண்டு, படத்தின் கீழ் மூலையைத் தொட்டுக் காட்டியது. அங்கே பளிச்சென்று தமிழில், முழுசாக, தேவகி.