ஊசி நேராக நிற்கிறது

விமானம் கரையோரக் கடல்மேல் தெற்கே போகிறது. வலப்பக்கம் புதுச்சேரி என்கின்றன கடிகாரமும் திசைகாட்டியும். கண்ணாடிக்கு வெளியே மார்கழி மூடுபனியைத் தவிர ஒன்றுமில்லை. விமானம் ஓட்டும் சகாயநாதன் பிறந்த ஊர் அது. அவன் காற்றாடி விட்ட அதே மொட்டைமாடியில், எட்டு வருடமாகப் பார்க்காத அக்கா, கடிதத்தில் சொன்னபடி சிவப்புப் புடவையை உயர்த்திப் பிடித்திருப்பாள். "வண்டி கடல் பக்கம் சாயுது ராயப்பா," என்கிறான். பக்கத்தில் மெக்கானிக் ராயப்பன் சாய்வு காட்டும் ஊசியை விரலால் தட்டுகிறான். "நேராத்தான் நிக்குது. திருப்பிடாத. போன மாசம் ஊசிய வுட்டுட்டு ஒடம்ப நம்பினவன் கடல்ல வுழுந்தான்." சகாயநாதன் விசைக்கோலைப் பிடித்த கையை அசைக்கவில்லை. இயந்திரச் சத்தம் இந்நேரம் அக்கா காதில் விழுந்திருக்கும். விமானம் சாயவில்லை, இருக்கையில் அவன் மட்டும் ஊர்ப்பக்கமாகச் சாய்ந்திருக்கிறான்.