முளைவிட்ட நெற்குவியல்

போன ஐப்பசியில், ஜெபமாலை முடிந்து கோயில் வாசலில் மழைக்கு ஒதுங்கி நின்றபோது, பக்கத்தில் நின்ற செபஸ்தியம்மாள் எனக்குச் சொன்ன கதை இது.

நெல் கொள்முதல் நிலையத்து வாசலில் ஒரு குவியல் வந்து உட்கார்ந்தது. யார் வீட்டிலாவது சோறாகிவிட வேண்டும், அது ஒன்றுதான் அதற்கு ஆசை. வந்த அன்று சருகாகக் காய்ந்திருந்தது.

"அண்ணே, என்னைப் பார்த்து உள்ளே விடுங்களேன்" என்று மேசைமேல் இருந்த ஈரப்பதமானியைக் கேட்டது.

"சாக்கு வரட்டும்மா. அவசரப்பட்டா ஆகுமா?"

சாக்கு வரவில்லை, மழை வந்தது. குவியல் பதறிப்போய்த் தார்ப்பாயைக் கூப்பிட்டது.

"எனக்கு ஏதும்மா நேரம்? உழவர் விழா மேடையில தெர்மாகோல் நெற்கதிர் வச்சிருக்காங்க. அது நனையக்கூடாதாம்" என்று தார்ப்பாய் கிளம்பிவிட்டது.

மழை விட்டதும் சாக்கு வந்தது. ஈரப்பதமானி ஒரு பிடி நெல்லை வாங்கிப் பார்த்து முகம் சுளித்தது.

"இவ்வளவு ஈரத்தோடயா வர்றது? கொஞ்சமாவது பொறுப்பு வேணாமா? போய்க் காஞ்சுட்டு வா."

"உங்க வாசல்லதானே அண்ணே நனைஞ்சேன்!"

"எங்கே நனைஞ்சேன்னெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. ஈரம் மட்டும்தான் தெரியும்."

காய்வதற்குள் குவியல் முளைவிட்டது. பச்சையைப் பார்த்ததும் ஈரப்பதமானி பூரித்துப்போய், விழா மேடைப் பக்கம் பார்த்துக் கத்தியது.

"அடடே! உழாம, நாத்து விடாம முளைக்க வச்சுட்டோமே! இதுதான் நவீன விவசாயம். தார்ப்பாயண்ணே, மேடையில மறக்காம சொல்லச் சொல்லுங்க!"

மறுபடியும் இருட்டிக்கொண்டு வருகிறது. உங்கள் வாசலில் ஏதாவது காய்ந்தால், முதலில் போய் அதை எடுத்து உள்ளே வையுங்கள்.