போனில் போகாத நல்ல வார்த்தை

மூட்டை தூக்கிய நேரம் போக, வலித்தைலத்துக்கும் முட்டிப்பட்டைக்கும் லிங்க் போட்டுக் கமிஷன் பார்த்தவன் நான். கமிஷனுக்குப் புகழ்பவர்கள் மேல் அரசின் விளம்பரத் தடை வந்த பிறகு, என்னைப் போன்றவர்கள் போனில் எதைப் புகழ்ந்தாலும் அந்தப் பேச்சை போன் கம்பெனியே வெட்டிவிடும், எதிர்முனைக்குப் போகாது. குறை சொன்னால் மட்டும் போகும்.

நேற்று என் மகள் தமயந்தியைப் பெண் கேட்டு, மஸ்கட்டிலிருந்து மாப்பிள்ளையின் அம்மா கூப்பிட்டார். என் மனைவி இருந்திருந்தால் அவள் பேசியிருப்பாள்.

"பொண்ணு எப்படிங்க?"

"தங்கமான புள்ளைங்க."

"ஒண்ணும் கேக்கலயே. சொல்ல எதுவும் இல்லீங்களா?"

தமயந்தி கதவோரம் நின்று என்னையே பார்த்தாள். இதற்கு முன் இரண்டு வரன்கள் இப்படித்தான் கைவிட்டுப் போயின. இந்த முறை அவள் குணத்தையே ஒரு குறைபோலச் சொல்லிப் பார்த்தேன்.

"பக்கத்து வீட்ல யாருக்காச்சும் காய்ச்சல்னா, வேலைக்குப் போகாம அங்கயே கெடக்கும்ங்க. எவ்வளவு திட்டினாலும் கேக்காது."

இது முழுசாகப் போய்ச் சேர்ந்தது.

"பெத்த அப்பனே இப்படிச் சொன்னா, நாங்க எப்படிங்க கட்டிக்கிட்டுப் போறது?"

"அம்மா, நான் சொன்னது அவளோட நல்ல குணம்மா" என்றேன்.

அது போகவில்லை.