லென்ஸின் மேல் ஒரு சாக்ஸ்

சரோஜினி நகர் குவார்ட்டர்ஸின் மொட்டைமாடியில் ஜனவரி வெயில் நழுவிக்கொண்டிருக்கிறது. கீழ்வீட்டு ருக்மிணி மாமி நாற்காலி நுனியில் உட்கார்ந்து புடவைத் தலைப்பை முறுக்கி முறுக்கி விடுகிறார். நேற்று எடுத்ததை டி.வி.யில் பார்த்ததிலிருந்து அவருக்கு என் குறும்படத்தில் நடிக்க மனமில்லை. "அம்மைத் தழும்பை ஒண்ணொண்ணா எண்ணிடலாம் போலிருக்கு. உன் டிஜிட்டல் கேமராவுக்கு இரக்கமே கிடையாதா?" நான் குளிருக்கு வாங்கிய தோல்நிற நைலான் சாக்ஸை லென்ஸின் மேல் இழுத்துப் பிடித்து ரப்பர் பேண்ட் போடுகிறேன். "ராமா, யாரோடது அது?" "என்னோடதுதான் மாமி. புதுசு." "அச்சா, சினிமால இதுக்குப் பேரு மேக்கப்பா?" சின்னத் திரையை அவர் பக்கம் திருப்புகிறேன். பின்சுவரின் விளிம்பும் மாமியின் தழும்புகளும் கரைந்து, வெளிச்சம் பால் மாதிரி பரவுகிறது. மாமி குனிந்து பார்க்கிறார், கன்னத்தைத் தொட்டுக்கொள்கிறார். "இது நன்னாருக்கே." தலைப்பை முறுக்கிய விரல்கள் ஓய்கின்றன. என் விரல்கள் ஓயவில்லை. ரப்பர் பேண்டைத் தளர்த்துகிறேன், மறுபடி இறுக்குகிறேன். அந்தத் தழும்புகளுக்காகத்தான் மாமியை நடிக்கக் கேட்டேன். அதை அவரிடம் சொன்னதில்லை. வெயில் அவர் தோளை விட்டு இறங்குகிறது. "ஜல்தி எடும்மா," என்று நிமிர்ந்து உட்காருகிறார். சாக்ஸைக் கழற்றாமலே சிவப்புப் பொத்தானை அழுத்துகிறேன்.