மணிலாப் பாடம்

"லாவா" என்றாள் பிரம்மநாயகி.

வைத்தியலிங்கம் செம்பைக் கழுவினான்.

"ஆப்ரே."

சன்னலைத் திறந்தான்.

"பார்ரே."

துடைப்பத்தை எடுத்து முற்றத்தைப் பெருக்க ஆரம்பித்தான். அவன் அம்மா குறுக்குத்துறையில் குளித்துவிட்டு வருவதற்குள் தினமும் இந்தப் பாடம் முடிந்துவிட வேண்டும்.

மேலப்பாளையம் முகம்மது இப்ராஹிமுக்கு மணிலாவில் ஜவுளிக்கடை. அங்கே கணக்கு எழுத, எஃப்.ஏ. படித்த வைத்தியலிங்கத்தைக் கேட்டிருந்தார். மூன்று வருஷம். கடையாட்களை ஸ்பானிய மொழியில் ஏவத் தெரிய வேண்டும் என்று ஒரு புத்தகமும் கொடுத்திருந்தார்.

ஏவல் கேட்டுப் பழகினால்தான் ஏவ வரும், நீ சொல் என்று அவன் கேட்டபோது மனைவி பிரம்மநாயகி நடுங்கிவிட்டாள். கலியாணமான நாளிலிருந்து அவனைப் பார்த்து 'வாங்க' என்றுகூட அவள் சொன்னதில்லை. சோறு ஆறுகிறது என்பதை அடுப்பிடம்தான் சொல்வாள்.

"ஏட்டி, இது உத்தரவே இல்ல" என்றான் அவன். "'அவரு பெருக்குதாரு'ங்கதுக்கும் 'பெருக்கு'ங்கதுக்கும் அவங்களுக்கு ஒரே சொல்லுதான். முக்காவாசி வார்த்தைக்கு அப்படித்தான். நான் பெருக்குதேன்னு யார்ட்டயோ சொல்லுதாப்புல வச்சுக்கோ."

அப்படித்தான் ஆரம்பித்தாள். சீக்கிரமே இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொல்லப் பழகிவிட்டாள்.

முதலில் மூன்று வருஷம் என்றாலே அவள் கண் கலங்கும். இப்போதெல்லாம் கலங்குவதில்லை. தேறிவிட்டாள் போலும் என்று நினைத்தான். அது அவனுக்குப் பிடிக்கவில்லை.

இன்று பாதி முற்றத்தில் துடைப்பத்தோடு நின்றுவிட்டான்.

"மணிலா இல்லைன்னு ஆயிட்டு" என்றான். "முதலாளி தம் மருமகனையே கப்பலேத்திட்டாராம். அவரு ஆளு தாவூது கடைத்தெருவுல வந்து சொன்னாரு. போன மாசமே."

சொன்னதும் நெஞ்சு லேசாயிற்று. கூடவே பயமும் வந்தது. இனிப் பாடம் எதற்கு? நாளை முதல் அவள் மறுபடியும் அடுப்பிடம் பேசப் போய்விடுவாள். இத்தனை நாள் அவன் வாய் திறக்காமல் இருந்ததே அதற்காகத்தான்.

பிரம்மநாயகி இடுப்பில் வைத்த கையை எடுக்கவில்லை.

"தாவூது அண்ணாச்சி முதல்ல இங்கனதான் வந்தாக" என்றாள். "கதவுக்குப் பின்னால நின்னு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு, கடைத்தெருவுல போய் உங்களப் பாக்கச் சொன்னதே நாந்தான்."

பிறகு அவன் முகத்துக்கு நேரே பார்த்து, தமிழிலேயே சொன்னாள்.

"அதக் கீழ போட்டுட்டு, இங்கன வந்து உக்காருங்க."