பதினேழாம் நம்பர் எஞ்சின்

"நீங்கல்லாம் ஒரு மனுஷனாண்ணே?"

சலூன்காரர் போட்ட சத்தத்தில் ஸ்டேஷன் மேம்பாலத்தில் போய்க்கொண்டிருந்த இரண்டு பேர் நின்று திரும்பிப் பார்த்தார்கள்.

முத்திரை அசரவில்லை. தபால் ஆபீஸ் கவுன்ட்டரில் முத்திரை குத்துகிறவர் என்பதால் அந்தப் பெயர். பேச்சும் அப்படித்தான், ஒரே குத்து.

"கண்ணால பார்க்காத வண்டியை நோட்டுல எழுதக்கூடாது. அவ்வளவுதான்."

மேம்பாலத்தில் நின்று, கீழே போகிற எஞ்சின்களின் நம்பரை அவரவர் நோட்டில் எழுதிக்கொள்வதுதான் இந்த நாலு பேருக்கும் பொழுதுபோக்கு. வீட்டில் கேட்டால் வெட்டி வேலை என்பார்கள். இருக்கட்டும். பன்னிரண்டு வருஷத்தில் ஒருத்தர் நோட்டிலும் ஒரு பொய் கிடையாது.

நாலாவது ஆளான பேக்கரிக்காரர்தான் இப்போது பிரச்சினை. ஒரு ரகப் பழைய டீசல் எஞ்சின்கள் மொத்தம் நாற்பது. முப்பத்தொன்பதைப் பார்த்துவிட்டார். பாக்கி பதினேழாம் நம்பர் மட்டும். அதை நாளைக் காலை இந்த வழியாகத்தான் இழுத்துக்கொண்டு போகிறார்கள், உடைத்துப் போடுவதற்கு. இவரோ ஏணியிலிருந்து விழுந்து, தொடை எலும்பு முறிந்து, காலைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்.

"லைன் ஆஸ்பத்திரிக்குப் பின்னாடியேதான் போகுது. ஆனா ஜன்னல் அவரு தலைமாட்டுல இருக்கு. சத்தம் கேக்கும், திரும்பிப் பார்க்க முடியாது. நாம பார்த்து அவரு நோட்டுல எழுதிட்டா என்ன குடியா முழுகிடும்?"

"நீ எழுதினா, அது அவரு பார்த்ததா ஆயிடுமா?"

"உங்களுக்கென்ன! உங்களுக்கும் அந்தப் பதினேழுதான் பாக்கி. நாளைக்கு நிம்மதியா பார்த்துட்டு எழுதிக்குவீங்க."

"விடுங்க தம்பி," என்றார் கூட நின்ற மூன்றாவது ஆளான டீச்சர். "பனியில கடைசி நம்பர் சரியாத் தெரியலைன்னு சொந்த நோட்டுலயே ஒரு வரியை அடிச்சவரு இவரு. இவர்கிட்ட போய் மல்லுக்கட்டுறீங்களே!"

முத்திரை கிளம்பினார். நாலு படி இறங்கியவர் திரும்பினார்.

"உன் கடையில கழற்றி வெச்ச பெரிய கண்ணாடி ஒண்ணு சும்மாதானே கிடக்கு? நாளைக்கு ஒரு வேளைக்கு வேணும்."

சலூன்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எஞ்சின் பக்கத்தில் நின்று போட்டோ பிடிக்கப் போகிறாராக்கும். தலை வாரிக்கொள்ள வேண்டுமாம்! ஆனாலும் கேட்டதை இல்லையென்று சொல்ல வாய் வரவில்லை. ராத்திரியே பழைய துணியில் சுற்றிக் கொடுத்தனுப்பினார்.

மறுநாள் மேம்பாலத்தில் சலூன்காரரும் டீச்சரும் மட்டும். முத்திரையைக் காணோம்.

ஒன்பது மணிக்கு வர வேண்டிய பதினேழு, ஒன்பதே காலுக்கு, பெயின்ட் உரிந்த முகத்தோடு இன்னொரு எஞ்சினின் பின்னால் வந்து, பாலத்துக்கு அடியில் நுழைந்து, மெதுவாகப் போய்விட்டது.

"இதுக்கு மேல இதைப் பார்க்கவே முடியாதே! எங்க போனாரு இவரு?" என்றார் டீச்சர்.

"கண்ணாடி முன்னாடி நின்னு சீவிக்கிட்டிருப்பாரு. வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம். பேக்கரி அண்ணன் நோட்டுல நானே எழுதத்தான் போறேன். பாவம் வந்தா எனக்கே வரட்டும்."

வார்டுக்குள் நுழைந்ததும் சலூன்காரர் சட்டைப் பையிலிருந்து எடுத்த பேனா கையிலேயே நின்றுவிட்டது.

பேக்கரிக்காரர் முகமெல்லாம் பல்லாகப் படுத்திருந்தார். மார்பின் மேல் நோட்டு விரித்திருந்தது. நாற்பதாவது கட்டத்தில், படுத்தபடியே எழுதிய கோணல் எழுத்தில், பதினேழு.

"இதை யாருண்ணே எழுதினது?"

"நான்தான். பார்த்தேன்ல!"

கால்மாட்டில் ஒரு ஸ்டூல். பக்கத்துச் சுவரில் சலூன் கண்ணாடி சாய்ந்திருந்தது. முத்திரை ஓரமாக உட்கார்ந்து இரண்டு தோளையும் மாற்றி மாற்றிப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார்.

"ஸ்டூல் மேல ஏறி, எனக்கு நேரா கண்ணாடியைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டாருப்பா. ஜன்னல் மொத்தமும் அதுல தெரிஞ்சுது. எட்டே முக்கால்ல இருந்து! நர்ஸ் மூணு தடவை வந்து திட்டிட்டுப் போச்சு. கையை இறக்குங்க, வண்டி சத்தம் கேட்டதும் தூக்கலாம்னு சொன்னேன். அதுக்குள்ள போயிட்டா என்ன பண்றதுன்னு கேக்குறாரு. நம்பர் எல்லாம் இடம் வலமா மாறித் தெரிஞ்சுதா, ஒரு நிமிஷம் எழுபத்தொண்ணுன்னு நினைச்சு பதறிட்டேன்!"

சலூன்காரர் பேனாவைத் திரும்பப் பையில் செருகிக்கொண்டார். சமாளிப்பதற்காகச் சீண்டினார்.

"ஏண்ணே, கண்ணாடியில பார்த்தது கணக்குல சேருமா?"

"பார்த்தது அவரு கண்ணுதானே? சேரும்," என்றார் முத்திரை.

"நேத்து கோவத்துல என்னென்னமோ பேசிட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க. உங்க நோட்டைக் குடுங்க, உங்க பதினேழை நானே என் கையால எழுதுறேன்."

முத்திரை தன் நோட்டைச் சட்டைப் பைக்குள் இன்னும் கொஞ்சம் தள்ளிவிட்டுக்கொண்டார்.

"வண்டி போறப்ப என் மூஞ்சி கண்ணாடிக்குப் பின்னாடில்ல இருந்துச்சு? நான் பார்த்ததெல்லாம் உன் கண்ணாடியோட முதுகுப் பலகையைத்தான். பார்க்காத வண்டியை எப்படிப்பா எழுதுறது?"