முகம் வேண்டாம்

“முகம் வேண்டாம்மா. முதுகைப் பார்த்துச் சொன்னாப் போதும்.”

வேலைக்கு உட்காரும்போதெல்லாம் ஓவியன் சொல்லும் வார்த்தைகள் கிட்டத்தட்ட இவைதான். இன்று சொன்னவர் பிணவறை ஊழியர். லாரி ஏறி இறங்கியதில் முகம் என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லையாம்.

வாத்தியாரின் மனைவியும் அவருடைய தம்பியும் உள்ளே போனார்கள். சொந்தக்காரர்கள் மட்டும் வந்தால் போதும் என்று ஓவியனை நடைவழி பெஞ்சிலேயே உட்காரவைத்துவிட்டார்கள். அவன் யார்? ஞாயிற்றுக்கிழமைகளில் வாத்தியாரோடு செஸ் ஆடும் நண்பன், அவ்வளவுதான். குதிரை எப்படி நகரும் என்றுகூட அவனுக்குத் தெரியாது என்பது வேறு விஷயம்.

மாலையில் நடந்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பிய கணக்கு வாத்தியார் வீடு திரும்பவே இல்லை. அதே உயரத்தில், அதே வயதில், வெள்ளைச் சட்டை போட்ட ஓர் உடல் கிடைத்திருப்பதாகப் போலீஸிலிருந்து தகவல் வந்ததும், மனைவி ஓவியனுக்குப் போன் செய்து நீங்களும் வாருங்கள் என்றாள். தன்னை எதற்குக் கூப்பிடுகிறாள் என்று அவனுக்குப் புரியவில்லை. கேட்கவும் தைரியம் வரவில்லை.

நடைவழி முழுக்க ஃபினாயில் நெடி. ஓவியன் கண்ணை மூடிக்கொண்டு, தான் வரைந்த முதுகுகளை நினைத்துப் பார்த்தான்.

ஆணை விரும்பும் ஆண்களைத்தான் அவன் வரைந்தான். அதுவும் ஐம்பதைத் தாண்டியவர்களை, துணியில்லாமல், ஒருவரை ஒருவர் ஆசையாகத் தொடும்போது. இளசுகளை வரைய ஊரெல்லாம் ஆள் இருக்கிறது. நரைத்த மார்பும் தொந்தியும், இடுப்பில் பெல்ட் அழுத்திய தடமுமாக இருப்பவனுக்கும் மோகம் வரும் என்பதை யார் வரைவது? அவன் படங்களில் ஒருவன் இன்னொருவனின் மூக்குக்கண்ணாடியை மெல்லக் கழற்றுவான். சட்டையைக் கழற்றுவதைவிட அதில்தான் காமம் அதிகம் என்று ஓவியன் நினைத்தான்.

ஆனால் முகத்தை மட்டும் வரைந்ததில்லை. அவன் முன்னால் வந்து உட்காருபவர்கள் எல்லாம் குடும்பஸ்தர்கள். ஒரே ஒரு மச்சம் போதும், மானம் கப்பலேறிவிடும். அதனால் மச்சமோ தழும்போ எதுவானாலும் பக்கம் மாற்றித்தான் வரைவான். வாத்தியாருக்கு அது பொறுக்காது. என் வகுப்பில் இப்படிச் செய்தால் முட்டை மார்க்தான் போடுவேன் என்று கேலி செய்வார்.

வாத்தியார் முதலில் வந்தது படத்துக்காகத்தான். பிறகு படம் வரையாத ஞாயிறுகளிலும் வந்தார். ஒருமுறை பேச்சு சுவாரஸ்யத்தில் பின்னால் சாய்ந்து, சூடேறிக் கிடந்த விளக்கில் முதுகைச் சுட்டுக்கொண்டார். களிம்பு தடவும்போது ஓவியனுக்குத்தான் கண்ணில் தண்ணீர் வந்தது. வீட்டில் பனியனைக் கழற்றியே பழக்கமில்லை, யாருக்கும் தெரியப்போவதில்லை என்று வாத்தியார் சிரித்தார்.

தழும்பு விழுந்த அந்த முதுகை வரைந்த படத்தை மட்டும் அவர் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். பரணில், பழைய காலண்டர்களுக்கு நடுவே சுருட்டி வைத்திருப்பதாகச் சொன்னார்.

கதவு திறந்தது. முதலில் தம்பி வந்தான். செத்திருந்த முகத்தில் கொஞ்சம் உயிர் வந்திருந்தது. நேராக வந்து ஓவியனின் கையைப் பிடித்துக்கொண்டான்.

“அண்ணன் இல்ல சார். வயித்துல பாலை வார்த்த மாதிரி இருக்கு. உள்ள இருக்கறவருக்கும் முதுகுல ஒரு தீக்காயத் தழும்பு இருக்கு. ஆனா வலது தோள்பட்டைக்குக் கீழ. அண்ணனுக்கு இடது பக்கம்தான்னு அண்ணி அடிச்சுச் சொல்லிட்டாங்க.”

ஓவியன் மெல்லத் தன் கையை விடுவித்துக்கொண்டான்.

பின்னாலேயே வந்த ஊழியர் கையுறையைக் கழற்றிக் கூடையில் போட்டார். யாரும் உரிமை கேட்டு வராவிட்டால் நாளைக்கு மாநகராட்சி வண்டி வரும், மற்ற அநாதைப் பிணங்களோடு சேர்த்து ஒரே குழியில் புதைத்துவிடுவார்கள் என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். அது யார் வீட்டுப் பாவமோ என்றான் தம்பி. அண்ணன் ஏதோ மனக்கசப்பில் எங்கேயோ போயிருக்கிறார், தானாக வந்துவிடுவார் என்று அண்ணிக்குத் தைரியம் சொன்னான்.

அவள் பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்து புடவைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். “நான் வாசக்கதவைத் தாழ் போடறதே இல்ல. எப்ப வந்தாலும் வரட்டும்,” என்றாள்.

வாயைத் திறந்தால் வாத்தியாரின் மானம் போகும். முகமும் காட்ட மாட்டேன், பெயரும் சொல்ல மாட்டேன் என்று அவருக்குக் கொடுத்த வாக்கும் போகும். திறக்காவிட்டால் அந்த முதுகு முன்பின் தெரியாதவர்களோடு மண்ணுக்குள் போகும். இவள் ஆயுசு முழுக்கக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பாள். ஓவியனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எழுந்து, அவள் முன்னால் போய் நின்றான்.

“உள்ள இருக்கறது அவர்தாம்மா.”

நீங்கள் உள்ளேயே வரவில்லையே, பார்க்காமல் எப்படிச் சொல்கிறீர்கள் என்று தம்பி எகிறினான். அவள் அப்படி எதுவும் கேட்கவில்லை. சுருட்டிய தலைப்பை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

“நீங்க பரண்ல பார்த்த படத்துல, தழும்பைப் பக்கம் மாத்தி வரைஞ்சது நான்தாம்மா.”